கசூபாவின் காதில் யார் பேச்சு

அந்த மழைக்காலத்தில் எங்கள் முலோண்டா குடியிருப்பில் இரண்டே இடங்களில்தான் வரிசை நின்றது. ஒன்று தண்ணீர்க் குழாயடி. மற்றது டாக்டர் புரொபசர் காக்கோமாவின் வாசல். குழாயில் பல நாள் தண்ணீர் வராது. காக்கோமாவின் வாயில் வாக்கு வராத நாளே கிடையாது.

எந்த ஊரில் டாக்டர், எந்தக் கல்லூரியில் புரொபசர் என்று யாரும் கேட்கவில்லை. தகரப் பலகையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் உண்மைதானே. 'காது வலி, ஓடிப்போன கணவன், கோர்ட்டு வழக்கு, பதவி உயர்வு, எலித் தொல்லை. கபோம்போ காட்டிலும் துபாயிலும் பயின்றவர்' என்றது பலகை. துபாயில் எந்த மரத்தடியில் பயின்றார் என்பது மட்டும் எழுதப்படவில்லை. பலகையில் இடம் போதவில்லையாம்.

நான் சிசங்கா, முடி வெட்டுகிறவன். என் தகரக் கடை அவர் வாசலுக்கு நேர் எதிரே. ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்டதல்ல. கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்தது.

ஓடிப்போன கணவர்கள் திரும்பி வர நாளாகும். காது வலி அப்படியல்ல, உடனே கண்ணுக்குத் தெரியும் வைத்தியம். அதனால் காக்கோமா காதையே தொழிலாக்கிக்கொண்டார். பழைய துணியை ஒரு சாண் நீளக் கூம்பாகச் சுருட்டி, தேன்மெழுகில் தோய்த்துக் காயவைத்திருப்பார். குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கூம்பின் மெல்லிய முனையைக் காதில் செருகி, மேல்முனையில் தீக்குச்சியைக் கிழிப்பார். தாய் பதறுவாள். "பயப்படாத தாயி, நெருப்பு இழுக்குது" என்பார். கூம்பு பாதி எரிந்ததும் அணைத்து, அடிக்கட்டையைப் பிளேடால் நீளவாக்கில் பிளப்பார். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகத் தூள் இருக்கும், சின்னச் சின்னக் கட்டியாக. கூட்டம் மூச்சை இழுக்கும்.

அது அழுக்கென்று நினைத்தால் நீங்கள் படிக்காதவர். அது பேச்சு.

காக்கோமாவின் சாஸ்திரப்படி, காது வலி சளியால் வருவதில்லை, நோயால் வருவதில்லை. உங்கள் வீட்டைப் பற்றிப் பொறாமைக்காரர் பேசும் பேச்சு காற்றில் மிதந்து வந்து, இளம் காதாகப் பார்த்துப் புகுந்து, உறைந்துபோய்விடுகிறது. தூள் மஞ்சளாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி. பழுப்பென்றால் மாமியார். கருகியிருந்தால் கணவனின் பழைய சிநேகிதி. பேசியவர் யார் என்று அடையாளமும் சொல்வார். ஆனால் அதற்கு முன்னால் மிக இயல்பாக, அண்மையில் யாரோடு சண்டை என்று தாயிடம் விசாரித்துக்கொள்வார். பிறகு அந்த ஆளின் வாயைக் கட்ட, வீட்டு வாசலில் முடிந்துகொள்ள ஒரு கறுப்புக் கயிறு. கயிறு தனிக் கணக்கு.

விளைவு என்னவென்றால், குடியிருப்பில் பேச்சு நின்றது. குழாயடியில் பெண்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் மேல்குரல்காரர்கள் கீழ்குரல்காரர்களோடு முறைத்துக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் சுவர் தாண்டிக் கையால் சைகை காட்டினார்கள். என் கடையில்கூட ஆட்கள் வாயைத் திறக்காமல் முடி வெட்டிக்கொண்டு போனார்கள். முடி திருத்தும் கடைக்கு இதைவிடப் பெரிய சாபம் உண்டா, சொல்லுங்கள்.

குழந்தைகளுக்குக் குணமாகவில்லையா என்றால், பலருக்கு ஆகத்தான் செய்தது. சளியோடு வரும் காது வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். அது காக்கோமாவுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அவர் இலை போட்டுச் சாப்பிட்டார்.

அடங்காத வலியோடு வந்தவள் கசூபா.

நான்கு வயதுப் பெண். அவள் தாய்க்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் வேறு ஏதோ. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளையின் பெயர்தான் பெயர். ஆகவே அவள் பனா கசூபா, கசூபாவின் அம்மா. தக்காளி விற்கிறவள். அவள் புருஷன் எல்லைக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளைவிட லாரியில் இருக்கும் நாள்தான் அதிகம். அவளை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. தேவாலயத்தின் கல்யாணச் செலவுக் கணக்கெல்லாம் அவள் மனக்கணக்கிலேயே போடுவாள். ஆனால் கிளினிக்கில் கூட்டம். மருந்து இருக்கிற நாள் அவளுக்கு நேரமில்லை, அவளுக்கு நேரமிருக்கிற நாள் மருந்தில்லை. ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய் என்று நர்ஸ் வேறு திட்டுவார். காக்கோமா திட்டமாட்டார். தாயி என்பார். நோயாளிக்கு மரியாதை கொடுப்பதில் மோசடிக்காரரை மிஞ்ச ஆளில்லை.

கசூபா சளி பிடித்து, காய்ச்சல் வந்து, இடது காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். காக்கோமா கூம்பு ஏற்றினார். பிளந்தார். மஞ்சள். "எண்ணெய் வாசனை உள்ள கை. உங்க வீட்டுக்குக் கிழக்கால இருக்கா" என்றார்.

எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் கையில் எண்ணெய் வாசனைதான். ஆனால் பனா கசூபாவின் வீட்டுக்குக் கிழக்கே, சாக்கடைத் தண்ணீர் விஷயமாகப் போன வாரம் அவளோடு சண்டை போட்டவள் ஒருத்திதான். பனா லோம்பே. காலையில் விட்டும்புவா பொரித்து விற்கிறவள். கோதுமை மாவில் சர்க்கரை போட்டுப் பொரிக்கிற உருண்டைப் பலகாரம் அது. அவளுக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்தது. அந்த வாய்க்கு அஞ்சி நானே என் விலையை ஏற்றாமல் இருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் பலகாரத்தை யாரும் தொடவில்லை. பிள்ளைகளின் காதை அடைக்கிற வாய், பலகாரத்தில் என்னென்ன ஊதியிருக்குமோ என்று பேசிக்கொண்டார்கள். பேச்சால் காது வலி வரும் என்று நம்புகிற ஜனங்கள், அதைப் பேசிப் பேசியே பரப்பினார்கள்.

பனா லோம்பே என் கடைக்கு வந்து, முடி வெட்டிக்கொள்ள வந்தவரை எழுப்பி நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் பேசலன்னு சொல்லலண்ணே. பேசினேன். நல்லாவே பேசினேன். ஆனா நான் பேசினா கோழிக்கடை வரைக்கும் கேக்கும், உங்களுக்கே தெரியும். அப்போ தெரு பூரா காது வலிக்கணும்ல? அந்தப் பிள்ளைக்கு மட்டும், அதுலயும் ஒரு காதுக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

இதற்கிடையில் அதிசயம் நடந்தது. ஒரு காலை கசூபாவின் வலி திடீரென்று நின்றது. தலையணையில் மஞ்சளாகச் சீழ் வழிந்திருந்தது. பனா கசூபா தலையணையையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். காக்கோமா அதை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். உறைந்த பேச்சு உருகி ஓடிவிட்டது என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கோழி கைமாறியது. அன்று மட்டும் வரிசை சாராயக் கடைவரை நீண்டது. சாராயக் கடைக்காரர் தம் வரிசையென்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் தாங்கவில்லை. கசூபாவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. சாப்பாட்டைத் தள்ளினாள். விளையாடவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். காக்கோமா மேலும் கூம்புகள் ஏற்றினார். மெழுகு சொட்டிக் குழந்தையின் கன்னத்தில் கொப்புளம் கண்டது. கடைசியில், பேசினவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், அவள் எல்லார் முன்னாலும் வந்து தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி, என் பேச்சை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் தீரும் என்று தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம். சந்தைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான். பனா லோம்பே வந்தாள், தலையில் பலகாரப் பாத்திரத்தோடு. துப்பிவிட்டு அப்படியே சந்தைக்குப் போகிற யோசனை போலும். துப்புவதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். எங்கே துப்புவாள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பாத்திரத்தை இறக்கிவிட்டு, பனா கசூபாவின் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவள இந்தப் பக்கம் திருப்பு," என்றாள். "காது ஏன் இப்படி வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது?"

காதுகளோடு தினமும் புழங்குகிறவன் நான். அப்போதுதான் நானும் கவனித்தேன். வலது காது தலையோடு ஒட்டியிருந்தது. இடது காது திறந்துவிட்ட கதவு மாதிரி முன்னால் சாய்ந்து நின்றது. பின்னால் மேடாகச் சிவந்திருந்தது.

"பேச்சு வெளிய தள்ளுதாம்," என்றாள் பனா கசூபா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

பனா லோம்பே அந்த மேட்டை ஒரு விரலால் தொட்டாள். குழந்தை முனகியது. ஓங்கி அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

"இது பேச்சு இல்லம்மா. வீங்கிக் கொதிக்குது. கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போ. என் பேச்சு எங்கயும் ஓடிறாது, நீ திரும்பி வந்ததும் எடுத்துக்கிறேன்."

பனா கசூபா எழப் போனாள். காக்கோமா குரலை உயர்த்தவில்லை; தாழ்த்தினார். அதுதான் அவருடைய வித்தை.

"ஊசி போட்டா பேச்சு மூளைக்கு ஓடிரும் தாயி. அப்புறம் பிள்ளை உனக்கில்ல. நான் எச்சரிக்கலன்னு நாளைக்குச் சொல்லாத."

அவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைக் கொண்டுபோனாலும் சாகும், கொண்டுபோகாவிட்டாலும் சாகும் என்கிற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஏமாறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற எனக்கு அந்த நேரம் சிரிப்பு வரவில்லை.

பனா லோம்பே காக்கோமாவின் கூடையிலிருந்து ஒரு கூம்பை எடுத்தாள்.

"ஒரு சந்தேகம் டாக்டரய்யா. இந்த நெருப்பு பேச்ச மட்டுந்தான் இழுக்குமா?"

"பேச்ச மட்டுந்தான்."

"பேச்சே இல்லாத எடத்துல வச்சா?"

"வெறும் சாம்பல் வரும்," என்றார் அவர். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்த பெருமையில் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

அவள் தன் பாத்திரத்திலிருந்து ஒரு விட்டும்புவாவை எடுத்தாள். விரலால் குத்தி ஓட்டை போட்டாள். கூம்பைச் செருகினாள். பற்றவைத்தாள். சிலர் சிரித்தார்கள். காக்கோமாவும் சிரித்தார், கொஞ்சம் சீக்கிரமாகவே நிறுத்திக்கொண்டார். பாதி எரிந்ததும் அணைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

"அண்ணே, புது பிளேடு ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். பிளந்தாள். உள்ளே மஞ்சள் தூள், பழுப்புக் கட்டி. கசூபாவின் காதிலிருந்து வந்ததற்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. அதைத் தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நடந்தாள்.

"மஞ்சள்னா பக்கத்து வீட்டுக்காரி. என் பலகாரத்தப் பத்தி யாரு பேசினது? கைய தூக்குங்க. ஏன், இந்த வாரம் பூரா எல்லாருந்தானே பேசினீங்க?"

காக்கோமாவைக் குறைத்து எடைபோடக் கூடாது. துபாய் இல்லாவிட்டாலும் எங்கோ படித்தவர்தான். ஒரு நொடி விழித்தார். பிறகு கேட்டார்: அந்த மாவைப் பிசைந்த கை யாருடையது, பொரித்தது யார், பொரிக்கும்போது வாய் சும்மா இருந்ததா. அவள் பேச்சு அவள் மாவிலும் இறங்கியிருக்கிறது, நான் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார்.

கூட்டம் தலையாட்டியது. நாற்காலியில் உட்காரவைத்து நான் எவ்வளவு திருப்பினாலும் அசையாத தலைகள்கூட அன்றைக்கு ஆடின. பனா லோம்பேக்கு வாயடைத்துப் போனது. வாய்க்கட்டுக் கயிறு செய்யாததை அந்தத் தலையாட்டல் செய்தது.

அப்போது பனா கசூபா எழுந்தாள். குழந்தையைக் கொண்டுபோய்ப் பனா லோம்பேயின் கையில் கொடுத்தாள், தன் எதிரியென்று இத்தனை நாள் நினைத்தவளின் கையில். கூடையிலிருந்து இன்னொரு கூம்பை எடுத்தாள். காதிலும் வைக்கவில்லை, மாவிலும் வைக்கவில்லை. சும்மா காற்றில் உயர்த்திப் பிடித்துப் பற்றவைத்தாள்.

உருகிய மெழுகு அவள் மணிக்கட்டில் சொட்டியது. அவள் கையை அசைக்கவில்லை. தன் பெண் கன்னத்தில் வாங்கிய சூடு எப்படி இருந்திருக்கும் என்று அறிந்துகொள்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அணைத்து, என் பிளேடை வாங்கிப் பிளந்தாள்.

மஞ்சள் தூள். பழுப்புக் கட்டி.

"டாக்டர், இது யாரோட பேச்சு?"

காற்றில் ஊர்ப் பேச்சு மிதக்கும், அது... என்று காக்கோமா தொடங்கினார். பின்வரிசையில் யாரோ, அப்போ காத்துக்கும் காது வலியா என்று கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு வாசல் முழுக்கச் சிரித்தது. பனா கசூபா மட்டும் சிரிக்கவில்லை.

"என் பிள்ளைக்கு என்ன?" என்றாள். "அத மட்டும் சொல்லுங்க."

அவர் கூடையை மூடினார். அதுதான் பதில்.

பாதி முடி வெட்டிய ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நான் டாக்சி பிடிக்க ஓடினேன். பனா லோம்பே குழந்தையை இறக்கவில்லை. பலகாரப் பாத்திரத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டாள்.

கிளினிக்கில் இருந்த மருத்துவ அலுவலர் நசிலேலே என்ற நடுவயதுப் பெண். காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வண்டி கேட்டார். வண்டி வருவதற்குள் முதல் ஊசியும் போட்டார். மூளைக்கு ஓட வேண்டிய பேச்சு எதுவும் ஓடவில்லை. அவர் எங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"சீழ் வந்து வலி நின்னப்பவே ஏம்மா வரல?"

"வலி நின்னுருச்சே, குணமாயிடுச்சுன்னு..."

"குணமாகலம்மா. உள்ள சீழ் கட்டி, செவிப்பறை கிழிஞ்சு, அழுத்தம் கொறஞ்சதால வலி நின்னுது. கிருமி அங்கயேதான் இருந்துச்சு. இப்ப காதுக்குப் பின்னால எலும்புக்குப் போயிருச்சு."

பனா லோம்பேயால் கேட்காமல் இருக்க முடியாது. எப்போதுதான் வர வேண்டும், ஒவ்வொரு காது வலிக்கும் தக்காளிக் கடையை மூடிவிட்டு ஓடிவர முடியுமா என்று கேட்டாள். நசிலேலே பொறுமையாகவே சொன்னார். சளியோடு லேசான வலியென்றால், வளர்ந்த குழந்தை சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால், வயதுக்கேற்ற வலி மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் வர வேண்டும். காய்ச்சல் கடுமையாக இருந்தால், காதிலிருந்து சீழ் வந்தால், காது சரியாகக் கேட்கவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையென்றால் காத்திருக்கவே கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கினால், காது முன்னால் தள்ளினால், கழுத்து விறைத்தால், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், வாய் ஒரு பக்கம் கோணினால், அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். காதுக்குள் எண்ணெய், சாறு, குச்சி எதுவும் போகக் கூடாது. நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தாம் நினைக்கவில்லை என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கசூபா பிழைத்தாள். இன்னும் சில நாள் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். இடது காது முன்னைப்போலக் கேட்பதில்லை. கூப்பிட்டால் வலது பக்கத்தைத் திருப்பிக் கேட்கிறாள். அவள் அப்பா லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்து, பழக்கப்படி இடது காதில் அவள் பெயரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. அவர் அந்தப் பக்கம் சுற்றி வந்து, வலது காதில் மறுபடி சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது காக்கோமா இல்லை. கரி மூட்டை ஏற்றிப் போன வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போய்விட்டார். அவருடைய அறையை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு பானை தேன்மெழுகு, கிழித்த படுக்கை விரிப்புகள், சமைக்காத நான்கைந்து கோழிகள். துபாய்ப் படிப்பு முழுவதும் ஒரு பானைக்குள் அடங்கியிருந்தது. அவர் வாய்க்கட்டுக் கயிறு கொடுத்த வீடுகளில் மெல்ல மெல்லக் கயிற்றை அவிழ்த்தார்கள். குழாயடியில் மறுபடி சண்டை கேட்டது. கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். அடுத்த வாரமே பனா லோம்பேயிடம் ஒருத்தி வந்தாள், காது வலிக்கிற பையனை இழுத்துக்கொண்டு. காக்கோமாவையே தோற்கடித்த பலகாரமாம். சூடாக ஒன்றைக் காதில் வைத்துக் கட்டினால் சரியாகும் என்று கேள்விப்பட்டாளாம். பனா லோம்பே அடுப்பை அணைத்துவிட்டு, பையனின் கையை ஒரு பக்கமும் அவள் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு கிளினிக்கை நோக்கி நடந்தாள். வழி நெடுக அவள் பேசிக்கொண்டே போனது கோழிக்கடை வரைக்கும் கேட்டது.

காக்கோமா இப்போது வடக்கே ஏதோ ஊரில் இருக்கிறாராம். அங்கே கண் வலிக்கு வைத்தியமாம். அடுத்தவர் பார்வை கண்ணுக்குள் போய் உறைந்துவிடுவதால்தான் கண் வலி வருகிறதாம். வரிசை இங்கே நின்றதைவிட நீளம் என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள்.

நமக்குக் கண்ணுக்கும் குறையில்லை, காதுக்கும் குறையில்லை. இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று பல காலமாக உபயோகப்படாமல் கிடக்கிறதே, அதை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்பதைத்தான் நீங்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.